ஒரு விரல் உயரம்

"இந்த வண்டிக்கு மாட்டறாப்புல, இருக்கறதுலயே பெரிய சக்கரம் எது அம்மிணி?"

அர்த்தநாரி இப்படிக் கேட்டபோது பூங்கோதை ஒரு லாரி டயரின்மேல் ஏறி நின்று, கடப்பாரையால் அதன் விளிம்பை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

சங்ககிரி புறவழிச்சாலையில் டயர்க்கடைகளுக்குப் பஞ்சமில்லை. மற்ற கடைகளில் டயர் கேட்டால் டயர் கிடைக்கும். பூங்கோதை கடையில் முதலில் கேள்விதான் கிடைக்கும். லாரிக்காரர்கள் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு வயதுக்காரியை அப்படிக் கூப்பிடுவது கேலிதான். ஆனால் கேலி செய்தவர்களேதான் அவளிடம் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அர்த்தநாரிக்கு ஐம்பத்திரண்டு. தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். ஊரார் வரப்பையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து அளந்து, உலகத்தில் அளவுக்கு அகப்படாதது எதுவும் இல்லை என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டவர். அவருடைய வண்டி சின்ன வண்டி. நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் வந்தால் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் அவரைக் கொஞ்சம் வெறுப்பார்கள்.

டயர் கழன்றது. பூங்கோதை இறங்கி வந்து கையைத் துடைத்தாள்.

"எதுக்குங்ணா பெருசு?"

"பாக்கறதுக்குக் கொஞ்சம் எடுப்பா இருக்குமில்ல?"

அவள் உள்ளே போய் ஒரு ரிம்மைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெயில் பட்டுக் கண் கூசியது.

"இதுங்ணா. ரிம் பெருசு, அதுமேல வர்ற ரப்பர் சின்னது. மொத்த உசரம் இப்ப இருக்கறதேதான். வண்டி ஒரு நூல்கூட ஏறாது. பாக்க ரொம்ப எடுப்பா இருக்கும். மாட்டிரலாமுங்களா?"

அர்த்தநாரியின் முகம் வாடியது.

"ஏறாதா?"

"எடுப்புன்னுதானுங்ணா கேட்டீங்க?"

அவர் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார்.

"வண்டி அடி தட்டுது அம்மிணி."

"எங்கீங்?"

"வேகத்தடையில."

"நீங்க மட்டும் போறப்பவுங்களா?"

"இல்ல. ஆள் ஏறுனா."

"ஆருங்ணா ஏறுனா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். நாலு நாளாக உட்கார்ந்து போட்ட கணக்கு. பதிமூன்று இஞ்ச் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பதினாலு போட்டு, அதன்மேல் ரப்பரும் கொஞ்சம் உயரமாகப் போட்டால், மொத்தம் நாலு சென்டிமீட்டர் கூடும். அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"நாலு சென்டிமீட்டர் வண்டி ஏறிரும். போதும்."

பூங்கோதை காகிதத்தை வாங்கவில்லை. இரண்டு விரலைச் சேர்த்து அவருடைய டயர்மேல் வைத்துக் காட்டினாள். பிறகு ஒரு விரலை மடக்கினாள்.

"சக்கரம் ரெண்டு விரல் வளந்தா வண்டி ஒரு விரல்தானுங்ணா ஏறும்."

"அதெப்படி?"

"அச்சு நடுவுலதான இருக்குது? இன்னொரு விரல் மேல பாத்து வளந்துக்கும். மட்கார்டுக்குள்ள."

அர்த்தநாரி காகிதத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் அளவு வேலை பார்த்த மனுஷன். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பீடி பற்றவைத்தார்.

"ஏனுங் சர்வேயரு, விரலுக்குத் தகுந்த வீக்கம்பாங்க. நீங்க வீக்கத்துக்குத் தகுந்த விரல் தேடறீங்களே!"

அர்த்தநாரி சிரிக்கவில்லை. பூங்கோதையும் சிரிக்கவில்லை.

"அந்த ஒரு விரலுக்கு நெறையக் குடுக்கோணுமுங்ணா. ஸ்டீரிங்கு கனக்கும். பெட்ரோல் கூடக் குடிக்கும். மீட்டர் அறுபதுன்னு காட்டறப்ப வண்டி அறுபத்திநாலுல போய்ட்டிருக்கும். பாரம் ஏத்துனா மட்கார்டுல ஒரசுனாலும் ஒரசும்."

"குடுக்கறேன்."

"அவ்வளவு வேணுமுங்களா?"

"வேணும்."

அவர் சொன்ன விதத்தில் அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"சரிங்ணா. ஒரு செட்டு மாட்டிப் பாத்தரலாம். ஆனா காலி வண்டில பாக்கமாட்டேன். இந்த வண்டில ஆரெல்லாம் ஏறோணுமோ அவங்களக் கூட்டியாங்க."

"எதுக்கு?"

"காலி வண்டில எல்லாச் சக்கரமும் பொருந்துமுங்ணா."

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அர்த்தநாரி வந்தார். வண்டியின் பின்பக்கம் தரையோடு தாழ்ந்திருந்தது. முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

பூங்கோதை வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆள் யாரும் இல்லை. முன்சீட்டில் ஒரு மணல் மூட்டை. பின்சீட்டில் மூன்று. எல்லாவற்றுக்கும் சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது.

"ஆளுங்க எங்கீங்?"

"எடைதானே வேணும் அம்மிணி? அரிசி மில் தராசுல வெச்சு நிறுத்துக் கட்டுனது. கிராம் பிசகாது. ஆளா இருந்தா என்ன, மணலா இருந்தா என்ன? கிலோ கிலோதான்."

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்சீட்டு மூட்டையைத் தொட்டாள்.

"இது ஆருங்?"

"என்ற வீட்டுக்காரி. வளர்மதி. அம்பத்தெட்டு கிலோ."

"இது?"

"சின்னம்மா. நாப்பத்தொம்பது."

பின்சீட்டில் இடது பக்கம் இரண்டு மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தன.

"இது?"

"அக்கா."

எடையை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பூங்கோதை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனாள். தட்டில் நாலு டம்ளரோடு திரும்பி வந்தாள். ஒன்றை அர்த்தநாரி கையில் கொடுத்தாள். முன்சீட்டு மூட்டையின் தலையில் ஒன்று. சின்னம்மா தலையில் ஒன்று. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்காவுக்குச் சக்கரை போடலாமுங்களா?"

"ஐயோ, போடக்கூடாது. ஆறு வருஷமா அவளுக்கு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப இது ஆகாதுங்ணா."

மறுபடியும் சாலையைக் கடந்தாள். இரண்டு பஸ்ஸும் ஒரு டாரஸ் லாரியும் போகும்வரை அந்தப் பக்கமே நின்றாள். சர்க்கரை இல்லாத டீயை வாங்கி வந்து, கயிறு கட்டிய மூட்டையின்மேல் கவனமாக வைத்தாள். சிந்தாமல் இருக்க மணலை லேசாகக் குழித்துவிட்டு வைத்தாள்.

"இதென்ன அம்மிணி வெளையாட்டு?"

"வந்தவங்களுக்கு டீ குடுக்காம எப்படிங்ணா?"

அவள் போய்த் தன் வேலையைப் பார்த்தாள். அர்த்தநாரி டம்ளரைக் கையில் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கோபம் வந்தது. கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. மூட்டைகள் டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்று டம்ளரிலும் ஏடு படிந்துவிட்டது. தன் கையிலிருந்த டீயை அவராலும் குடிக்க முடியவில்லை.

பூங்கோதை திரும்பி வந்தபோது அவர் கேட்காமலேயே பேசினார்.

"போன வைகாசில மக கல்யாணம். மண்டபத்து வாசல்ல மலையாட்டம் ஒரு வேகத்தடை. வண்டி நெறைய ஆளு, டிக்கில சீர்த்தட்டு, தேங்கா மூட்டை. ஏறும்போதே அடில டமார்னு ஒரு சத்தம். சம்பந்தி வீட்டு ஒறம்பரை பூராவும் வாசல்ல நிக்கறாங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு மானம் போச்சு. 'அக்கா, நீ எறங்கிக்க'ன்னேன்."

"எல்லாத்தையும் எறங்கச் சொன்னீங்களா?"

"அவள மட்டும்."

"பொறவு?"

"எறங்குனா. வண்டி தட்டாமப் போயிருச்சு. வாசல்ல நின்னவங்க சிரிச்சாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானுஞ் சிரிச்சேன்."

பூங்கோதை வண்டியின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அவ சண்டையெல்லாம் போடலீங்க. போட்டிருந்தாப் பரவால்ல. நல்லாத்தான் பேசறா. போனாச் சோறு போடறா. வண்டில ஏறுன்னா மட்டும், 'பஸ்லயே வந்தர்றேன் சாமி'ங்கறா. ஒரு வருஷமாச்சு. என்ற கல்யாணத்துல கூடப் பொறந்தவளா நின்னு எனக்கு இணைச்சீர் செஞ்சவ அவதான். அம்மா போன பொறவு எனக்கு அம்மாவும் அவதான். இப்ப மக மாசமா இருக்கறா, வர்ற மாசம் அவளுக்குக் கட்டுச்சோத்து விருந்து. அக்கா இந்த வண்டில வரோணும் அம்மிணி. அடி தட்டாம வரோணும். நான் கேக்கறது அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படியொன்றும் அதிகமில்லை.

பூங்கோதை மூன்று டம்ளரையும் எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"மூட்டைக்கு நான் டயர் மாட்டறதில்லீங்ணா. அக்காவக் கூட்டியாங்க."

*

கூட்டிவா என்று சொல்வது எளிது.

அக்கா பாவாயி பத்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். அறுபது வயது. நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அர்த்தநாரி முதல் ஞாயிறு போனார். பருப்புச் சோறு சாப்பிட்டார். மாட்டைப் பற்றிப் பேசினார். திரும்பிவிட்டார். இரண்டாம் ஞாயிறு போனார். மோர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். திரும்பிவிட்டார்.

இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது வளர்மதி வாசலிலேயே கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"மழை பேயுமான்னு கேட்டேன்."

"அதுக்கு ரேடியோ இருக்குதில்ல?"

மூன்றாம் ஞாயிறு பாவாயி முறத்தை மடியில் வைத்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி எதிரில் உட்கார்ந்து தானும் இரண்டு கடலையை எடுத்து உரித்தார். பத்து மைலும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு இருந்தது. அதில் மன்னிப்பு என்ற சொல்கூட ஓரிடத்தில் வந்தது. வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"அக்கா, வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டறேன். பாரத்தோட வெச்சுப் பாக்கோணுமாம். உன்ற எடை வேணும்."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பாவாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. கடலை உடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

"எடை போடத்தான? வர்றேன்."

"அக்கா, நான் அப்படிச் சொல்ல வரல..."

"எப்படிச் சொன்னா என்ன சாமி? வர்றேன்னு சொல்றேனில்ல?"

"அப்ப ஏறு, இப்பவே போலாம்."

"நீ போ. நான் பஸ்ல வந்தர்றேன்."

அவள் சேலையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் வண்டியை எடுத்தார். முந்திக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே பத்து மைலும் வந்தார். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் காலி வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். கடைசி ஜன்னலில் அக்காவின் கொண்டை தெரிந்தது. ஒருமுறைகூட அது திரும்பவில்லை.

*

வழியில் போன் செய்து வளர்மதியையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் முன்பே வந்து காத்திருந்தாள்.

பூங்கோதை நாலு பெரிய சக்கரங்களையும் மாட்டினாள். பள்ளிக்கூட சாக்பீஸைத் தூளாக்கித் தண்ணீரில் குழைத்து, மட்கார்டின் உள்பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூசினாள். டயர் எங்கே உரசினாலும் அங்கே சாக்பீஸ் அழிந்துவிடும். பார்த்தால் தெரியும்.

வண்டி உண்மையிலேயே உயர்ந்துதான் நின்றது. ஒரு விரல். அர்த்தநாரி தள்ளி நின்று பார்த்தார். புது மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

வளர்மதி முன்னால் ஏறினாள். பாவாயி பின்னால் இடது பக்கம் ஏறினாள். வண்டி அந்தப் பக்கம் சற்றே அமுங்கியது. அது தெரிந்ததை யாரும் காட்டிக்கொள்ளவில்லை. சின்னம்மா இருக்கவேண்டிய இடத்தில் பூங்கோதை உட்கார்ந்தாள். சீர்த்தட்டுக்கும் தேங்காய்க்கும் பதிலாக டிக்கியில் இரண்டு மணல் மூட்டைகள்.

"போலாமுங்ணா. பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒரு மேடு இருக்குதில்ல, அதுல ஏத்துங்க."

அந்த வட்டாரத்தில் பேர்போன மேடு அது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேட்டதோ ஒரு வேகத்தடை, போட்டவர்கள் மிச்சமிருந்த தாரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

ஸ்டீரிங் கனத்தது. அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மேடு தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். ஒரு வருஷமாகத் தூக்கத்திலும் கேட்ட அந்த டமாருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு முன்சக்கரத்தை ஏற்றினார்.

ஏறியது. இறங்கியது.

பின்சக்கரம் ஏறியது. இறங்கியது.

சத்தமே இல்லை.

"பாத்தியாக்கா! தட்டல! கொஞ்சங்கூடத் தட்டல!"

சின்னப் பையன் மாதிரி ஸ்டீரிங்கைக் குத்தினார். வளர்மதிகூடச் சிரித்துவிட்டாள். அப்போதுதான் முன்னால் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார்.

"அம்மிணி, இங்க என்னமோ சேப்பு லைட்டு எரியுது. சக்கரம் மாத்துனதுலயா?"

"இல்லீங்ணா."

"பின்ன?"

"கதவு."

அர்த்தநாரி கண்ணாடியில் பார்த்தார்.

பின்பக்க இடதுகதவு ஒரு நூல் திறந்திருந்தது. கைப்பிடிமேல் பாவாயியின் கை இருந்தது. வளையல் போட்ட, கடலைத் தோல் ஒட்டிய கை. இன்னொரு கையில் சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தாள், இறங்கப்போகிறவள் பிடிப்பதுபோல.

எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல சாமி."

"கதவ எதுக்குத் தொறந்த?"

"நானாத் தொறக்கல. மேடு வந்தா இந்தக் கை தன்னாலப் போயிருது. பஸ்ல உக்காந்திருந்தாலும் அப்படித்தான் எந்திரிச்சுக்கறேன். கண்டக்டரு வெய்யறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குரல் மட்டும் அவ்வளவு கனமாக இல்லை.

வளர்மதி திரும்பி நன்றாக இழுத்துக் கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அர்த்தநாரி கண்ணைச் சாலைக்குத் திருப்பினார். ஒருமுறைதான் சொன்னோம் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். சொன்னது ஒருமுறைதான். அவள் இறங்கியது எத்தனை முறை என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை.

வண்டியைக் கடைக்குத் திருப்பினார்.

*

பூங்கோதை டார்ச் அடித்து நாலு மட்கார்டுக்குள்ளும் பார்த்தாள். பின்னால் இடது பக்கம் மட்டும் சாக்பீஸ் ஒரு நகத்தளவு அழிந்திருந்தது.

"விளிம்ப லேசாத் தட்டி உள்ள மடக்கீட்டாச் சரியாப் போயிரும். நீங்க கேட்டீங்கல்லங்ணா, இருக்கறதுலயே பெருசு எதுன்னு? இதுதான். இதுக்குமேல ஒண்ணும் ஏறாது. அடியும் தட்டல. பொருந்துது."

சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"தட்டி மடக்கிரலாமுங்களா?"

அர்த்தநாரி அந்தப் பக்கம் பார்த்தார். பாவாயி மரநிழலில் நின்று பஸ் எத்தனை மணிக்கு என்று வளர்மதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிரு அம்மிணி."

"ஏனுங்ணா?"

அவர் பின்பக்க இடதுகதவைத் திறந்து, மறுபடி சாத்தினார்.

பூங்கோதை சுத்தியலை வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தாள். நாலு சக்கரத்தையும் கழற்றினாள். பழைய சக்கரங்களை மாட்டினாள். டிக்கியிலிருந்த மணல் மூட்டை இரண்டையும் இறக்கி வைத்தாள். ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் அடுத்த லாரிக்குப் போய்விட்டாள். வாத்தியாரம்மாவிடம் இன்னும் ஒரு வார்த்தை எதிர்பார்த்த அர்த்தநாரி சற்று நேரம் நின்று பார்த்தார். வரவில்லை.

வண்டி ஒரு விரல் தாழ்ந்து, பழையபடி நின்றது.

அவர் அக்காவிடம் போனார்.

"ஏறுக்கா. ஊருக்குக் கொண்டுபோய் விட்டர்றேன்."

"பஸ் இருக்குது சாமி. அஞ்சு மணிக்கு..."

"ஏறுக்கா."

"அதான் சக்கரத்தக் கழட்டீட்டியே."

"கழட்டீட்டேன். ஏறு."

பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பி அழப்போகிறான் என்று தெரிந்த அக்காக்கள் செய்வதைச் செய்தாள். மேற்கொண்டு பேசாமல் பின்னால் ஏறிக்கொண்டாள். வளர்மதி முன்னால் உட்கார்ந்தாள்.

ஊருக்குப் போக அந்த ஒரு பாதைதான். பள்ளிக்கூடம் வந்தது. மேடு வந்தது. மேட்டுக்கு நாலு அடி முன்னால் அர்த்தநாரி வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பின்னால் கை கைப்பிடிக்குப் போவது அவருக்குத் தெரிந்தது.

அந்தக் கதவு திறப்பதற்குள் தன் கதவைத் திறந்தார். இறங்கினார்.

"என்னங்க?" என்றாள் வளர்மதி.

"நீ ஓட்டு."

வளர்மதி லைசென்ஸ் எடுத்து நாலு வருஷமாயிற்று. இன்றுவரை ஸ்டீரிங்கை அவர் அவள் கையில் கொடுத்ததில்லை. அவள் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

"எங்கடா போற?" பாவாயியின் குரல் ஜன்னல் வழியே வந்தது.

"நீ உக்காருக்கா. வண்டி அடி தட்டும். நான் எறங்கிக்கறேன்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார். பைக்கில் போன ஒருத்தன், "ஓட்டறவரே எறங்கீட்டாருடோய்!" என்று கத்திக்கொண்டு போனான். அர்த்தநாரிக்குக் காது சுட்டது. அன்றைக்கு மண்டபத்து வாசலில் அக்கா பட்டுச்சேலையோடு நடந்த தூரம் இவ்வளவு நீளம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மேட்டின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சாலையோரமாக நின்றார்.

வளர்மதி மெதுவாக ஏற்றினாள். அடியில் லேசாக ஒரு உரசல். அவ்வளவுதான். வண்டி இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றது.

அவர் உள்ளே பார்க்கத் தயங்கினார்.

பின்ஜன்னல் கண்ணாடி முழுசாக இறங்கியது. பாவாயி தலையை வெளியே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. குரல் பழையபடி கனத்திருந்தது.

"வெயில்ல நின்னது போதும், ஏறுடா. அடுத்த மேட்டுக்கு என்ற மொறை."